மேலே வாரிவிட்ட முடி

அன்று சலூனுக்குள் இருந்தவர்கள் இவர்கள்: மாஸ்டர், மாஸ்டரின் மனைவி, மகன், மருமகள், மனைவியின் தம்பி. வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கதவைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் தானும் பக்கத்தில் நின்று பார்த்ததாகப் பிற்பாடு பலரிடம் சொன்னார். அவர் அன்று ஊரிலேயே இல்லை. ஆனால் இன்னொரு உயிர் அங்கே இருந்தது உண்மை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த மேஜையில் துண்டு விரித்து அதை உட்கார வைத்திருந்தார்கள். அது ஒரு முயல்.

முயல் என்று காதைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மற்றபடி அது மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைந்த பழைய மெத்தைத் துண்டு போலத்தான் இருந்தது. விரல் நீளத்துக்கும் மேல் வளரும் முடி அந்த ஜாதி முயலுக்கு. தினமும் சீப்புப் பட்டால் பட்டு. படாமல் விட்டால் அட்டை. இதற்கு இரண்டு விலாப்பக்கமும் அட்டையாகியிருந்தது. தாடைக்கடியில் ஒரு கட்டி. பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முடியே கட்டிப்போட்டிருந்ததால் குதிக்க முடியாமல் நகர்ந்தது.

கொண்டுவந்தவள் மருமகள். கடைக்கு மேலேதான் வீடு. அதற்கும் மேல் மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவளுக்கு, பூட்டிய அந்த வீட்டின் பால்கனியிலிருந்து யாரோ தரையைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. நின்று கேட்டாள். மறுபடியும் தட்டியது. வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்னாள். உடைந்த வாளிக்கும் பழைய ஃபேனுக்கும் நடுவில் ஒரு கூண்டு. உள்ளே இது. பின்னங்காலால் தட்டியது இதுதான்.

கைவிடப்பட்ட பிராணிகளுக்கு ஒரு காப்பகம் இருப்பது அவளுக்குத் தெரியும். போன் செய்தாள். பேசிய அம்மாள், இப்போது இடமில்லை, பதிவு செய்துகொள்கிறேன், கொஞ்ச நாள் நீயே வைத்திரு என்றார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் உன்னிடமே விட்டுவிடுவோம், வந்து பார்ப்போம் என்றும் சொன்னார். குளிப்பாட்டாதே, தண்ணீர் காட்டாதே, கத்திரி வேண்டவே வேண்டாம், விரலும் சீப்பும் போதும், அதற்கும் மசியாத இடத்தை டாக்டர் மெஷின் வைத்து எடுப்பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருமகளுக்கு அந்த "உன்னிடமே விட்டுவிடுவோம்" என்ற வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் இருந்த பாத்திரம், கட்டில், கடையின் பெண்கள் பகுதியில் அவள் நின்று வேலை செய்த நாற்காலி எல்லாமே அவள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. அவளாகக் கூட்டிவந்த ஒரே உயிர் இது. அதைத் தொட்டுத் தூக்கும்போது அவள் முகம் போன போக்கை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

மனைவியின் தம்பி அதற்குப் பார்த்தவுடனே பெயர் வைத்துவிட்டார்: கம்பளி. அவர் அந்தக் குடும்பத்தின் கிண்டல் இலாகா. எந்த விசேஷத்துக்கும் முதலில் வந்து கடைசியில் போகிறவர்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் எல்லோரும் அவர் சொன்ன பக்கம் தலையைத் திருப்பியவர்கள். "இந்தக் கடையில இதுவரைக்கும் ஒரு தலையிலயும் ரத்தம் வந்ததில்ல" என்பதை அவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லாமல் விட்டதில்லை. மருமகள் வேறு இடத்தில் தொழில் கற்று வந்தவள். கைத்திறமையில் குறை சொல்ல முடியாதவள். அவளிடமும் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார், இங்கே யார் கை தவறினாலும் அது வீட்டின் கைதான், கௌரவம் எல்லோருக்கும் பொது என்று. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதை எவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முயலைப் பார்த்ததும் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். மருமகள் தயங்கித் தயங்கி, தண்ணீர் படக்கூடாதாம், கத்திரியும் வேண்டாமாம் என்றாள்.

"முடியைப் பத்தி எனக்கு போன்ல பாடம் நடத்துறாங்களா?" என்றார் மாஸ்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அத்தான், கஸ்டமரு என்ன ஸ்டைல் கேக்குறாருன்னு முதல்லயே கேட்டுக்குங்க. அப்புறம் மீசையை எடுத்துட்டீங்கன்னு சண்டைக்கு வருவாரு" என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் வெள்ளைத் துணியை உதறி எடுத்து முயலின் கழுத்தில் கட்டப் போனார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

மனுஷத் தலைக்கு முதலில் ஈரம், பிறகு சீப்பு, பிறகு கத்திரி. இந்த வரிசை மாஸ்டரின் ரத்தத்தில் ஊறியது. ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து இடது விலாவில் புஸ் புஸ்ஸென்று அடித்தார். நனைந்ததும் சிக்கு இளகும் என்று நினைத்தார். அது இளகவில்லை. கம்பளித் துணியைச் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்குமே, அந்த மாதிரி உள்ளுக்குள் இறுகியது. சீப்பின் பல் நுழையவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்த அம்மாள் போனில் சொன்னது சரி என்று ஆகிவிடும். மாஸ்டர் கத்திரியை எடுத்தார்.

முதலில் காதுக்குக் கீழே, பிறகு தோள்பட்டை என்று நன்றாகத்தான் போயிற்று. அட்டை அட்டையாகக் கழன்று விழ, உள்ளே வெள்ளை வெளேரென்று புதுமுடி தெரிந்தது. மனைவி, டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று மேலே போனாள். மகனுக்கு போன் வந்து வாசல் பக்கம் போனான். மருமகள் முயலுக்கு வைக்கோல் எடுத்து வர மாடி ஏறினாள். மைத்துனர் சுழல் நாற்காலியில் சாய்ந்து முகத்தின்மேல் பேப்பரை விரித்துக்கொண்டார். மாஸ்டர் விலாவில் இருந்த பெரிய கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மேலே தூக்கி, விரலை ஒட்டிக் கத்திரியை வைத்தார். எத்தனையோ தலைகளில் செய்த வேலை. தலையில் தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். முடியை இழுத்தால் முடி மட்டும்தான் வரும். முயலின் தோல் அப்படி இல்லை. முடியோடு சேர்ந்து கூடாரம் மாதிரி எழும்பும். மெல்லிய காகிதம் மாதிரி இருக்கும்.

முடியை வெட்டும்போது கத்திரிக்கு ஒரு சத்தம் உண்டு. தோலை வெட்டும்போது வேறு சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தை மாஸ்டர் அதுவரை கேட்டதில்லை.

கம்பளி கத்தவில்லை. முயல்கள் சாதாரணமாகக் கத்துவதில்லை. ஓயாமல் துடித்துக்கொண்டிருந்த மூக்கு மட்டும் நின்றது. இடது விலாவில் வாய் திறந்த மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு பிளவு. ரத்தம்கூட வழியவில்லை, ஓரத்தில் சின்னதாகக் கசிந்தது.

அடுத்து நடந்ததை அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தார் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உச்சியில் வழுக்கை விழுந்தவர்களுக்கு ஒரு பக்கத்து முடியை ஈரம் தொட்டு மறுபக்கம் கொண்டுவந்து படிய வைப்பது அவர் கைக்குப் பெயர் வாங்கித் தந்த வித்தை. அந்தக் கை அதைச் செய்தது. முதுகின் மறுபக்கத்து முடியைச் சீப்பால் எடுத்து, இந்தப் பக்கம் கொண்டுவந்து, பிளவின்மேல் போட்டு, ஈர விரலால் அழுத்திவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

மனைவி டீத் தட்டோடு வந்து, முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது, பயந்து போயிருக்கிறது, இன்றைக்கு இது போதும் என்றார். மைத்துனர் பேப்பரை விலக்கிப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்து முதுகுவரை மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று கை தட்டினார். மகன் போட்டோ எடுத்தான். மருமகள் முயலைத் துண்டோடு வாரி எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி மாமா" என்றாள். மாஸ்டர் அந்த நன்றியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பளி மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைக்கோலைத் தொடவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. மருமகள் காப்பகத்துக்குப் போன் போட்டாள். முயல் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே ஆபத்து, குடல் நின்றுவிடும், உடனே டாக்டரிடம் போ என்றார்கள். துணைக்கு நான் வருகிறேன் என்று மாஸ்டர் செருப்பை மாட்டினார். மனைவிக்கு ஆச்சரியம். ஒரு முயலுக்காக அவர் கடையை விட்டு இறங்குவார் என்று அவள் நினைத்ததில்லை.

கால்நடை டாக்டர் தூக்கமில்லாத முகத்தோடு இருந்த ஒரு நடுவயதுக்காரர். மேஜையில் ரப்பர் விரிப்பு போட்டு, முயலின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முடியைக் கையால் விலக்காமல் வாயால் ஊதிப் பார்த்தார். ஊதினால் முடி பூப்போல விரிந்து அடியில் தோல் தெரியும். கழுத்தில் ஊதினார், தோளில் ஊதினார். இடது விலாவில் ஊதினார். முடி பிரியவில்லை. ஈரம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் மெதுவாகத் தூக்கினார். வாடை வந்தது.

"யார் வெட்டினது?" என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். சுவரில் நாய்க்குட்டி படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது, அதைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. திரும்பவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றாள் மருமகள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. முயலின் தோல் முடியோடு எழும்பி வரும், தெரியாதவர்கள் நிறையப் பேர் இப்படி வெட்டிவிடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே, "வெட்டினதுகூடப் பரவாயில்லம்மா. உடனே கொண்டு வந்திருந்தா நேத்தே தையல் போட்டு முடிச்சிருப்பேன். மேல முடியை வாரி மூடியிருக்கே, அதுதான் சீழ் வெச்சிருச்சு. ஏன்மா மூடினே?" என்றார்.

அவள் முயலின் முதுகைத் தடவினாள். மாஸ்டர் மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

முயல் காப்பகத்தின் பெயரில் பதிவாகியிருந்ததால் டாக்டர் அங்கே தகவல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் போனிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். கை தவறியவர்களிடம் முயலை விடலாம். மறைத்தவர்களிடம் விட முடியாது. காயம் ஆறும்வரை மட்டும் அவள் வைத்துக்கொள்ளட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்வோம்.

திரும்பும் வழியில் வாடகைக் காரின் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் முன்சீட்டிலிருந்து இரண்டு தடவை கழுத்தைத் திருப்பினார். மூன்றாவது தடவை "அம்மா..." என்று ஆரம்பித்தார். "ஜன்னலைக் கொஞ்சம் ஏத்திடுங்க மாமா. அதுக்குக் காத்து அடிக்குது" என்றாள். ஏற்றினார். அதோடு சரி.

வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டாள். கத்திரி வேண்டாம் என்று காப்பகத்தில் சொன்னதை நீதானே எங்களுக்குச் சொன்னாய், பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து எதற்கு எடுத்தாய், அவர் அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்ததை ஏன் நோண்டினாய், இந்த வீட்டுக் கைக்கு இப்படி ஒரு பேச்சு வந்ததுண்டா என்று ஒரு மூச்சில் கேட்டாள். மகன் மெதுவான ஆள், அவன் திட்டவில்லை. கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதே, பேச்சு அடங்கட்டும் என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். மாஸ்டர் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பேச்சு அடங்கவில்லை. அதற்கு மைத்துனர் ஒருவரே போதும். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். ஆனால் சிரிப்பு வரும் என்று தெரிந்தால் வாயைக் கட்ட முடியாது. மொட்டைமாடியில் தொடங்கி மருந்துக்கடை வரை கதை போய்விட்டது. மருமகள் மறுபடி கடையில் இறங்கி நின்றபோது, பெண்கள் பகுதிக்கு வந்த டீச்சர் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, இன்றைக்கு மாஸ்டரே வெட்டிவிடட்டுமே என்றார். கூட வந்தவர், ஆமாம், நமக்குக் காது முக்கியம் என்று சொல்லிச் சிரித்தார். மருமகள் சீப்பைக் கழுவுவது மாதிரி உள்ளே போனாள்.

மாஸ்டர் டீச்சருக்கு வெட்டினார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம். ஒரு துளி நடுங்கியிருந்தால்கூட ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். முடித்துக் கழுத்தைத் தட்டிவிட்டபோது டீச்சர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "என்ன இருந்தாலும் உங்க கை மாதிரி வருமா மாஸ்டர்?" கண்ணாடிக்குள் ஒரு கிழவன் பவ்யமாகச் சிரித்தான். மாஸ்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். ஏதாவது சொல்லி அதைத் துடைத்திருக்கலாம். துண்டை உதறி மடித்தார்.

வீட்டில் மருமகள் கம்பளியைப் பார்த்துக்கொண்ட விதத்தை அவர் கதவோரம் நின்று பார்ப்பார். உள்ளே போக மாட்டார். காயத்தை மருந்துத் தண்ணீரால் துடைத்து, களிம்பு தடவி, முயல் அதை நக்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் கீரைத் தண்டு கொடுத்து ஏமாற்றுவாள். பிறகு சிக்கு வேலை. தண்ணீர் கிடையாது. சிக்கின்மேல் கொஞ்சம் சோள மாவைத் தூவி விரல் நுனியால் தேய்ப்பாள். வழவழப்பாகி முடி முடியாகப் பிரியத் தொடங்கும். ஒரு விரலைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் காவல் மாதிரி வைத்துக்கொண்டுதான் சீப்பைத் தொடுவாள். கட்டியை மேலே இழுக்கவே மாட்டாள். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவாள். முயல் காலைத் தட்டினால் நிறுத்திவிடுவாள். ஒரு நாளில் ஒரு சிக்குப் பிரிந்தாலும் போதும் அவளுக்கு. உதிர்ந்த முடியை உடனுக்குடன் துண்டால் ஒற்றி எடுப்பாள். முயல் தன்னை நக்கும்போது முடியை விழுங்கிவிடும், விழுங்கியதை வாந்தி எடுக்க அதற்குத் தெரியாது, வயிற்றில் பந்தாகிவிடும். அதற்குத்தான் வைக்கோல் தின்றுகொண்டே இருக்க வேண்டும். காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது புழுக்கைகளைப் பார்ப்பாள். முடியில் கோத்த மணி மாதிரி வந்தால் முகம் வாடும். தனித்தனியாக உருண்டையாக வந்தால் அன்று பாட்டுச் சத்தம் கேட்கும்.

பின்னங்கால்களைக் கட்டியிருந்த சிக்கு ஒரு நாள் விட்டது. கம்பளி முதலில் நம்பவில்லை. ஒரு காலை நகர்த்திப் பார்த்தது. பிறகு அறையின் நடுவில் போய் நின்று, ஒரே எம்பாக எம்பி, அந்தரத்தில் உடம்பை முறுக்கி, திசை மாறி விழுந்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அது அழுகையாகியிருந்தது. காயம் ஆறிவிட்டது, சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறேன் என்று காப்பகத்து அம்மாள் சொல்லியிருந்தார். மாஸ்டர் கதவிலிருந்து விலகிப் படியிறங்கினார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். நாற்காலி ஒன்றும் காலியில்லை, பெஞ்சிலும் ஆள். காப்பகத்து அம்மாள் வந்தார். கட்டை குட்டையான உருவம். எதையும் இரண்டு முறை சொல்லாத குரல். மருமகள் கம்பளியைப் பெட்டியோடு கீழே கொண்டுவந்தாள். கூடவே ஒரு பையில் சீப்பு, மாவு டப்பா, களிம்பு. வலது பக்கம் முதலில் சீவினால்தான் ஒத்துக்கொள்ளும், தாடைக்கடியில் தொட்டால் பிடிக்காது, அங்கே மட்டும் விரலால் செய்யுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற குரல். பெஞ்சில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மைத்துனரும் இருந்தார். அன்றைக்கு அவருக்குக்கூடக் கிண்டல் வரவில்லை.

மாஸ்டர் ஒரு வாடிக்கையாளரின் பிடரியில் பாதி வேலையில் இருந்தார். கத்திரியை மேஜையில் வைத்தார்.

"அதை எடுத்துட்டுப் போகாதீங்கம்மா. வெட்டினது நான். மறைச்சதும் நான்தான்."

ரேடியோ மட்டும் பேசியது. மகன் அதை அணைத்தான்.

முதலில் வாயைத் திறந்தவர் பாதி முடியோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர். "பெரிய மனசு மாஸ்டர் உங்களுக்கு" என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர் உச்சுக் கொட்டினார். மாஸ்டரின் மனைவி படிக்கட்டில் நின்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மைத்துனர் எழுந்து வந்து தோளில் கை வைத்து, "விடுங்க அத்தான். நம்ம வீட்டுப் பொண்ணு, உங்களுக்கு மனசு கேக்கல. எங்களுக்குப் புரியுது" என்றார்.

மாஸ்டருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் வராத வார்த்தையை இழுத்து வெளியே போட்டால், அதையும் எடுத்து அவர் தலையிலேயே கிரீடமாக வைக்கிறார்கள். மனசு இல்லை, நிஜமாகவே நான்தான் என்றார் மறுபடியும். குரல் உயர்ந்தது. உயர உயர அவர்கள் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று.

காப்பகத்து அம்மாள் மட்டும் அசையவில்லை. எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டார்.

மாஸ்டர் ஈரத் துண்டு ஒன்றை மேஜையில் விரித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மேலே தூக்கினார். துண்டு கூடாரம் மாதிரி எழும்பியது. விரலை ஒட்டிக் கத்திரியால் ஒரு வெட்டு. துண்டை விட்டார். நடுவில் வாய் பிளந்த ஓட்டை. பிறகு சீப்பை எடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் முடியை வாரினார், எந்த விரலால் அழுத்தினார் என்று காட்டினார். அந்தத் தெருவில் எல்லோரும் பார்க்க அவர் தலை குனிந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர்கள் குனிந்த தலையைப் பார்த்தார்களே தவிர, துண்டைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் துண்டைப் பார்த்தார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "டாக்டர் சொன்ன காயம் இதேதான்" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "அப்ப நீ ஏன் பொய் சொன்னே?" என்றார். அவள் தரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் அதற்கு மேல் தோண்டவில்லை. பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மாஸ்டரிடம் சொன்னார்: "முயல் இங்கயே இருக்கட்டும். ஆனா இனிமே உங்க கை அது மேல படக் கூடாது. இதுக்குச் சரின்னா விட்டுட்டுப் போறேன்."

தெருவில் இருந்த அத்தனை தலையும் தொட்ட கை. மாஸ்டர் "சரிம்மா" என்றார்.

பாதியில் விட்ட பிடரியை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் மேலே போனார். மருமகள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி அவள் மடியில் தாடையை வைத்துப் பல்லை மெதுவாக உரசிக்கொண்டிருந்தது. சுகமாக இருந்தால் வருகிற சத்தம் அது. வலியில் வருகிறது வேறு. மாஸ்டர் வாசல்படியைத் தாண்டவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"டாக்டர் ஊதினப்பவே மாமா. அந்தப் பக்கத்து முடியை இந்தப் பக்கம் வாரி, ஈரம் வெச்சு அழுத்தியிருந்துச்சு. நம்ம கடையில அப்படி வாருறது ஒரு கைதான்."

"அப்புறம் ஏம்மா நான்தான்னு சொன்னே?"

அவள் முயலின் காதுக்குப் பின்னால் விரலை ஓட்டினாள்.

"நீங்க சொல்வீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். நீங்க காலண்டரைப் பாத்தீங்க. டாக்டர் காத்துக்கிட்டிருந்தாரு."

அதில் கோபம் இல்லை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாள். கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். மன்னிப்புக் கேட்க வந்தவர், அந்த வார்த்தையைத் தொண்டைவரை கொண்டுவந்து, அதற்குப் பதிலாக வைக்கோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். சரி என்றார். இறங்கிப் போகும்போது பாதிப் படியில் திரும்பி ஏறி வந்து, "தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். கதவுக்கு வெளியிலிருந்துதான் சொன்னார். அவள் "ம்" என்றாள்.

கம்பளி அந்த வீட்டில்தான் இருக்கிறது. இடது விலாவில் அந்த இடத்தில் மட்டும் முடி வேறு திசையில் வளர்கிறது. மருமகளின் நாற்காலிக்குப் பெண்கள் திரும்ப வந்துவிட்டார்கள். டீச்சர்தான் கொஞ்சம் தாமதமாக வந்தார். மாஸ்டர் வைக்கோல் வாங்கி வருவார், வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார். கொடுத்த வாக்கை மீறி இதுவரை அதைத் தொட்டதில்லை. புதிதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் ரத்தத்தைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

தெருவில் மட்டும் ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது. மருமகள் முயலை வெட்டிவிட்டாள், மாமனார் கடை நிறைய ஆள் இருக்கும்போது அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், அப்பேர்ப்பட்ட குடும்பம் அது என்று. கல்யாண வீடுகளில்கூட இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். மைத்துனர் சொல்லும்போது அவருக்கே கண் கலங்குகிறது. அது அப்படி இல்லை. வெட்டியது மாஸ்டர். மறைத்தது மாஸ்டர். மருமகள் அன்று கத்திரியைத் தொடவே இல்லை.